பாஸ்வேர்டை மாற்றியும் மெயில் திருடு போனது: ஆபீஸ் ஃபிஷிங்கில் மாட்டினால் என்ன செய்வது?

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். எங்களுக்கு நூல் தரும் மில்லின் பெயரில் ஒரு ஃபிஷிங் மெயில், அதாவது தெரிந்தவர் போல நடித்து ஏமாற்றும் மெயில் வந்தது. ‘வங்கிக் கணக்கு மாறிவிட்டது, பணத்தைப் புதிய கணக்கில் போடவும்.’ பில் எண், தொகை எல்லாமே சரியாக இருந்தன. மில்லுக்குப் போன் செய்து கேட்டதால்தான் பணம் தப்பியது.

1. அனுப்பியவர் பெயரை நம்பாதீர்கள், முழு முகவரியையும் எழுத்தெழுத்தாகப் படியுங்கள். எங்களுக்கு வந்ததில் ஆங்கில ‘எம்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஆர்’, ‘என்’ இரண்டும் ஒட்டி நின்றன.

2. பணம், கணக்கு மாற்றம் என்றாலே போன்தான். மெயிலில் உள்ள எண்ணுக்கு அல்ல, பழைய பில்லில் உள்ள எண்ணுக்கு. 2013 முதல் 2015 வரை, தைவானின் குவான்டா நிறுவனம் போல நடித்து அனுப்பிய போலி பில்களுக்கு கூகுளும் ஃபேஸ்புக்கும் 10 கோடி டாலருக்கு மேல் கொடுத்திருக்கின்றன.

3. போலிப் பக்கத்தில் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டீர்களா? உடனே மாற்றுங்கள், எல்லாக் கருவிகளிலிருந்தும் லாக் அவுட் செய்யுங்கள். நான் இத்தோடு நிறுத்திவிட்டேன், அங்கேதான் கோட்டை விட்டேன். சில வாரங்களுக்கு முன் ஒரு போலி லாகின் பக்கத்தில் ஏமாந்து, அன்றே பாஸ்வேர்டையும் மாற்றியிருந்தேன். ஆனால் உள்ளே வந்தவர் அதற்குள் ஒரு ஃபில்டர் (வரும் மெயிலைத் தானாகப் பிரிக்கும் விதி) போட்டுவிட்டார். ‘இன்வாய்ஸ்’ என்ற சொல் உள்ள மெயில் எல்லாம் அவருக்கும் போய்க்கொண்டிருந்தது. பாஸ்வேர்டை மாற்றினாலும் ஃபில்டர் அழியாது. பில் எண் அவருக்குத் தெரிந்தது இப்படித்தான்.

ஜிமெயில் என்றால் செட்டிங்ஸில் ‘ஃபில்டர்ஸ்’, ‘ஃபார்வர்டிங்’ இரண்டு பகுதிகளையும் பாருங்கள். மொபைல் ஆப்பில் இவை தெரியாது, கம்ப்யூட்டரில் பிரவுசர் வழியாகத்தான் போக வேண்டும். அவுட்லுக்கில் ‘ரூல்ஸ்’. நீங்கள் போடாதது எதுவாக இருந்தாலும், ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு அழித்துவிடுங்கள்.

4. ஐடி ஆட்களிடம் அன்றே சொல்லுங்கள். திட்டு விழும் என்று மறைக்க வேண்டாம், அதே மெயில் பக்கத்து சீட்டுக்கும் வந்திருக்கும். பணம் போயிருந்தால் வங்கிக்கும் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கும் உடனே போன் செய்யுங்கள். தாமதித்தால் பணம் கைமாறிக்கொண்டே போகும்.

இப்போது பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் பிட்வார்டன் ஆப் வைத்திருக்கிறேன். தளத்தின் பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் அது தானாகப் பாஸ்வேர்டை நிரப்பாது. ஓடிபியை மட்டும் நம்புவதை விட்டுவிட்டேன், அதையும் போலிப் பக்கம் கேட்டு வாங்கிவிடும். முடிந்தவர்கள் பாஸ்கீ (பாஸ்வேர்டுக்குப் பதிலாக, போனின் கைரேகை அல்லது லாக் மூலம் உள்ளே போகும் முறை) போடுங்கள்.

பின்சேர்க்கை: ‘போனில் லிங்க் எங்கே போகும் என்று எப்படிப் பார்ப்பது?’ என்று நண்பர் ஒருவர் கேட்டார். லிங்க்கைத் தட்டாமல் சற்று நேரம் அழுத்திப் பிடியுங்கள், முகவரி தெரியும். கியூஆர் கோடாக வந்தால் ஆபீஸ் மெயிலில் நான் ஸ்கேன் செய்வதே இல்லை.