காசும் கேஷும் ஒன்றா? ஆங்கிலச் சொல்லுக்கு வேர் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடசென்னையில் தங்கசாலையை மின்ட் என்றால்தான் பஸ்ஸில் டிக்கெட் கிடைக்கும். நாணயச் சாலையைக் குறிக்கும் இந்த மின்ட், லத்தீன் ‘மொனேட்டா’வின் வழி வந்தது, பழைய ரோமில் நாணயம் அடித்த இடம் யூனோ மொனேட்டா என்ற பெண் தெய்வத்தின் கோயிலை ஒட்டி இருந்தது. புதினாவைக் குறிக்கும் மின்டுக்கோ வேர் லத்தீன் ‘மென்தா’. எழுத்து ஒன்றாக இருந்தால் சொல்லும் ஒன்று என்று நினைப்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள்.

‘கேஷ்’ நம் காசிலிருந்து போனது என்று அடித்துச் சொல்பவர்கள் உண்டு. பாதிதான் சரி. ரொக்கம் என்ற பொருளில் வரும் கேஷ், பிரெஞ்சு ‘கேஸ்’, இத்தாலிய ‘காஸ்ஸா’ வழியாக லத்தீன் ‘காப்ஸா’வுக்குப் போகும். பொருள், பெட்டி. பணப்பெட்டியின் பெயர் பணத்துக்கே ஆகிவிட்டது; நம் ஊரில் கல்லாப்பெட்டியும் அன்றைய வசூலும் ‘கல்லா’தானே, அதுபோல. 1590களிலேயே இது ஆங்கில எழுத்தில் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இங்கே கோட்டை கட்ட இடம் கிடைத்ததோ 1639இல்.

காசிலிருந்து போன கேஷ் வேறு. அது மெட்ராஸின் சில்லறை நாணயம்: 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். 1808இல் அடித்த செம்பு நாணயத்தில் ‘இருபது கேஷ்’ என்றே இருக்கும். போர்த்துகீசியர் காசை ‘கைஷா’ என்றார்கள். அவர்கள் மொழியில் பெட்டிக்கும் அதே பெயர். குழப்பத்தின் முடிச்சு இங்கேதான் விழுந்தது. ஆகவே அகராதியில் ஒரு பதிவோடு நிறுத்தாமல், அதே எழுத்தில் இரண்டாவது பதிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்றைய உச்சரிப்பை வைத்து ஒப்பிடுவதும் தவறு. ‘ஒன்று’க்கு ஆங்கில ‘ஒன்’ உறவாகத் தோன்றும். பழைய ஆங்கிலத்தில் அது ‘ஆன்’, லத்தீனில் ‘ஊனுஸ்’. பழைய வடிவத்துக்குப் போனதும் ஒற்றுமை கரைந்துவிடும்.

வேர் சரியாக இருந்தும் பொருளில் ஏமாறலாம். ‘கட்டமரான்’ கட்டுமரம்தான், ஐயமில்லை. 1697இல் வெளியான, ஆங்கிலக் கடலோடி டாம்பியரின் பயண நூலிலேயே வருகிறது. ஆனால் காசிமேட்டுக் கடலில் ஓடிய கட்டுமரம், மரத்துண்டுகளைக் கயிற்றால் இறுக்கிக் கட்டியது. இன்று கட்டமரான் என்று சொல்லப்படும், இரண்டு ஓடங்களைச் சேர்த்த படகு பசிபிக் தீவுக்காரர்களின் கலை. அந்த வகைப் பாய்ப்படகை அமெரிக்காவில் படகு வடிவமைப்பாளர் ஹெரஷாஃப் 1876இல் கட்டிப் புகழ்பெற, நம் பெயர் அதில் ஒட்டிக்கொண்டது.