போகும்போது தெரியாது, திரும்பும்போது தெரியும்: சோடியாகச் சைக்கிளில் கிளம்புகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் தடவை நாங்கள் மதுரையிலிருந்து சைக்கிளில் கிழக்கே போனோம். ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. வரிச்சியூர் வழியாகப் பூவந்தி வரை போய்விட்டுத் திரும்புவது என்று பேச்சு. போகிறபோது என்ன சுகம் தெரியுமா! பெடலில் காலை வைத்தால் போதும், வண்டி தானாக ஓடியது. "பாத்தியா, நமக்கு இன்னும் வயசாகல" என்று என் வீட்டுக்காரர் பூவந்திக்குள் நுழையும்போதே சொல்லிவிட்டார். அதைக் கேட்டு இன்னும் கொஞ்சம் தூரம் போனோம். திரும்பி மேற்கே பார்த்து மிதித்தபோதுதான் விஷயம் புரிந்தது. அதுவரை எங்களைத் தள்ளிக்கொண்டு வந்தது காற்று. இப்போது அதே காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது. வரிச்சியூருக்கு முன்னாலேயே நான் இறங்கிவிட்டேன். இரண்டு சைக்கிளையும் ஒரு குட்டியானையில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். டிரைவர் வழி முழுக்க எங்களைக் கண்ணாடியில் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார்.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறோம். அந்தக் காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று வாசலில் நின்று ஒரு நிமிஷம் பார்க்கத் தோன்றவில்லை. மதுரைப் பக்கம் ஆனி, ஆடி, ஆவணியில் மேல்காற்றுதான். விடியற்காலையில் லேசாக இருக்கும், பத்து மணிக்கு மேல் வேகம் பிடிக்கும். ஆகவே அந்த மாதங்களில் காலையில் மேற்கே போய், வெயில் ஏறிய பிறகு கிழக்கே திரும்ப வேண்டும். காற்று சோம்பலாக இருக்கும்போது எதிர்த்துப் போய்விடலாம், அது முழித்துக்கொண்ட பிறகு முதுகில் வாங்கிக்கொண்டு வரலாம். இன்னொரு லாபமும் உண்டு. காலையில் மேற்கே போனால் சூரியன் முதுகில், சாயங்காலம் கிழக்கே வந்தாலும் முதுகில். எதிரே வருகிற டிரைவர்களுக்குத்தான் வெயில் கண்ணில் அடிக்கும். அவர்கள் நம்மைப் பார்க்காமல் முந்திக்கொண்டு வரலாம் என்பதால் பளிச்சென்ற நிறத்தில் சட்டை போடுவது நல்லது.

இப்போது எங்கள் வழக்கமான பாதை வைகையின் தென்கரை: கோச்சடை, துவரிமான், மேலக்கால், தென்கரை, முள்ளிப்பள்ளம், குருவித்துறை. ஒரு பக்கம் தென்னந்தோப்பு, ஒரு பக்கம் நெல் வயல், நடுவில் வெற்றிலைக் கொடிக்கால். சோழவந்தான் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அந்தக் கொடிக்கால்தான். ஆற்றுக்கு அந்தக் கரையில் திருவேடகம். சம்பந்தர் வைகையில் விட்ட ஏடு எதிர்நீச்சல் போட்டு வந்து கரையேறிய ஊர் என்பார்கள். அந்த ஏடு போனதும் மேற்கே பார்த்துத்தான். அதற்குத் தேவாரம் துணை, நமக்கு அதிகாலை ஐந்து மணிதான் துணை.

அடுத்த தவறு கொஞ்சம் வீட்டு விவகாரம். அவர் வைத்திருப்பது கியர் சைக்கிள், மணிக்கு 18 கிலோமீட்டர் சாதாரணமாகப் போவார். என்னுடையது அப்போது முன்னால் கூடை வைத்த லேடீஸ் சைக்கிள், 13 போனால் பெரிய விஷயம். ஒரு மணி நேரத்தில் எங்களுக்கு நடுவே ஐந்து கிலோமீட்டர் விழுந்துவிடும். அவர் நல்லவர்தான், ஒரு புளியமரத்தடியில் நின்று காத்திருப்பார். நான் மூச்சு வாங்க வந்து சேர்வேன். "சரி, வா போகலாம்" என்பார். இதில் உள்ள கணக்கைக் கவனியுங்கள். வேகமாகப் போகிறவருக்கு இருபது நிமிஷம் ஓய்வு கிடைக்கிறது, மெதுவாக வருகிறவருக்கு ஒரு நிமிஷம்கூட இல்லை. அப்படியே நாலு தடவை நடந்தால் மத்தியானம் யார் முகம் கடுகடுவென்று இருக்கும்? அதற்கப்புறம் "ஏங்க, உங்களுக்கு என்னோட வரணுமா, தனியாப் போகணுமா" என்று நான் கேட்டது சைக்கிளைப் பற்றி மட்டுமில்லை.

மெதுவாக மிதிக்கிறவர் முன்னால் போக வேண்டும். அவர் வேகம்தான் அன்றைக்கு வேகம். நிற்கும்போது, பின்னால் வருகிறவர் வந்து சேர்ந்த நேரத்திலிருந்துதான் ஓய்வைக் கணக்குப் பண்ண வேண்டும். எதிர்க்காற்றில் மட்டும் இது தலைகீழ். பலசாலி முன்னால் போய்க் காற்றை வாங்கிக்கொள்ள, மற்றவர் ஒரு சைக்கிள் நீளம் விட்டு அவர் முதுகுக்குப் பின்னாலேயே போகலாம். உண்மையிலேயே வித்தியாசம் தெரியும். ஆனால் பின்னவர் தன் முன்சக்கரத்தை முன்னவருடைய பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது, உரசினால் பின்னவர்தான் விழுவார். பேசிக்கொண்டே பக்கத்தில் பக்கத்தில் போக ஆசையாகத்தான் இருக்கும். மேலக்கால் ரோட்டில் டவுன் பஸ் ஹாரன் அடித்தபடி உரசிக்கொண்டு போனால் அந்த ஆசை போய்விடும்.

சாமான்களையெல்லாம் ஒருவர் பையிலேயே போடுவதும் தவறு. ஒருமுறை எனக்குப் பஞ்சர். பஞ்சர் ஒட்டும் சாமான், பம்பு, ஸ்பேர் டியூப் எல்லாம் அவர் பையில். அவர் மூன்று கிலோமீட்டர் முன்னால். போன் அடித்தால் அதுவும் பைக்குள்ளேயே கிடந்து அடித்திருக்கிறது. இப்போது ஆளுக்கொரு டியூப், ஆளுக்கொரு பம்பு.

பஞ்சரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்தில் அதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றே ஒன்று: சீமைக்கருவேலம். கண்மாய்க்கரையில், ஓடையோரத்தில், தரிசில், எங்கும் அதுதான். வெட்டி விறகுக்கு ஏற்றிப் போகும்போது முள் ரோட்டோரத்தில் சிதறிவிடும். பஸ்ஸுக்கு வழிவிடுகிறேன் என்று தாரை விட்டு மண்ணில் இறங்கினால் முடிந்தது கதை. கண்மாய்க்கரைப் பாதை அழகாக இருக்கிறது என்று அதில் போவதும் அப்படித்தான். இறங்கி உருட்டிக்கொண்டு போங்கள்.

பஞ்சரானதும் எல்லாரும் செய்கிற அவசரம், டியூபை மாற்றி உடனே காற்றடிப்பது. முள் இன்னும் டயருக்குள்ளேயே இருக்கும். மாற்றிய டியூபும் அரை கிலோமீட்டரில் போய்விடும். டயரின் உள்பக்கத்தை ஒரு துணியால் சுற்றித் துடைத்துப் பாருங்கள், முள் இருந்தால் துணி மாட்டும். வெறும் விரலால் தடவ வேண்டாம். ஒட்டுவதாக இருந்தால் டியூபை உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது காய்ந்து தொட்டால் ஒட்டாத பதத்துக்கு வந்த பிறகுதான் பேட்ச் வைக்க வேண்டும். ஈரத்தோடு வைத்தால் நிற்காது. கிராமத்துப் பஞ்சர் கடைக்காரர்கள் கெட்டிக்காரர்கள், ஆனால் கியர் சைக்கிள் டியூப் அவர்களிடம் இருக்காது. சில சைக்கிள்களில் வால்வு ஒல்லியாக, நுனியில் திருகோடு இருக்கும். டூவீலருக்குக் காற்றுப் பிடிக்கும் ஓஸ் அதில் உட்காராது. அதற்கென்று ஒரு சின்னப் பித்தளை மூடி விற்கிறது. விலை பெரிதாக இல்லை, வாங்கிப் பையில் போட்டுவிடுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் ஆண்கள் செய்யும் தவறு ஒன்று, பெண்கள் செய்யும் தவறு ஒன்று. ஆண்கள் தாகம் எடுத்த பிறகு ஒரே மூச்சில் ஒரு லிட்டர் குடிப்பார்கள். பெண்கள் குடிக்கவே மாட்டோம். ஏன் என்று பெண்களுக்குத் தெரியும்: வழியில் எங்கே ஒதுங்குவது? நானும் முதல் இரண்டு பயணங்களில் அப்படித்தான் இருந்தேன். மூன்றாம் நாள் நீர்க்கடுப்பு. வெயிலில் மணிக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் வரை உள்ளே போயாக வேண்டும். அதனால் பாதை போடும்போதே பெட்ரோல் பங்க், பஸ் ஸ்டாண்டு, தெரிந்தவர் வீடு எங்கே என்று முதலில் குறித்துக்கொள்கிறேன். டீக்கடை எங்கே என்பது அப்புறம். வாய்விட்டுக் கேட்டால் ஊர்ப் பெண்கள் வீட்டுக்குள் கூட்டிப் போவார்கள். எனக்கு இதுவரை யாரும் மறுத்ததில்லை.

வெறும் தண்ணீர் மட்டும் போதாது, வேர்வையில் உப்பும் போகிறது. உப்புப் போட்ட மோர், நீராகாரம், எலுமிச்சைச் சாறு எதுவும் ஆகும். ஓ.ஆர்.எஸ். வாங்கினால் பாக்கெட்டைப் படியுங்கள். பெரியது ஒரு லிட்டருக்கு, சின்னது 200 மில்லிக்கு. பெரிய பாக்கெட்டை அரை லிட்டர் பாட்டிலில் கொட்டிக் கலக்கினால் உப்புக் கூடிவிடும், அது நல்லதில்லை.

சாப்பாடு: இட்லி, கூழ், வாழைப்பழம், கடலைமிட்டாய். கொஞ்சம் கொஞ்சமாக, பசிக்கு முன்னால். புரோட்டாவும் சால்னாவும் வீடு திரும்பிய பிறகு. ஜிகர்தண்டாவும் அப்படித்தான். சின்ன ஊர் டீக்கடைகள் விடியுமுன் திறந்தாலும் மத்தியானம் பல அடைத்திருக்கும். அதனால் பகல் சாப்பாட்டை நம்பி அரைவயிற்றோடு கிளம்ப வேண்டாம்.

சீட் உயரத்தைச் சரி பார்க்காமலே பல வருஷம் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதில் வைத்துப் பாருங்கள், கால் மடங்காமல் நீண்டால் சரி. மடங்கினால் சீட் தாழ்வு, 40 கிலோமீட்டரில் முழங்கால் சொல்லிவிடும். பேடு வைத்த டவுசரைச் சுடிதாருக்குள் போட்டுக்கொள்ளலாம், அதற்குள் வேறு உள்ளாடை கூடாது, தையல் உரசிப் புண்ணாகும். துப்பட்டாவை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். சக்கரத்தில் சுற்றினால் கழுத்துக்கே ஆபத்து.

அறுவடைக் காலத்தில் ரோட்டில் நெல்லும் உளுந்தும் கொள்ளும் காயும். வண்டிகள் ஏறிப்போகட்டும் என்று செடியோடு பரப்பியிருப்பார்கள். காருக்கு அது ஒன்றுமில்லை, சைக்கிளுக்கு மணல் மாதிரி வழுக்கும், கொடி செயினில் சுற்றிக்கொள்ளும். அதில் பிரேக் பிடிக்காதீர்கள், இறங்கித் தள்ளுங்கள். நாய் துரத்தினால் வேகமாக மிதித்துத் தப்பிக்கப் பார்ப்பதும் தவறு. இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடந்தால் பெரும்பாலும் அதற்குச் சுவாரசியம் போய்விடும். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு, பயணத்தை அங்கேயே நிறுத்தி, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஊசி போட வேண்டும்.

வழி கேட்டால் "இந்தா, கிட்டத்தான்" என்பார்கள். பைக்கில் போகிறவருக்கு எட்டு கிலோமீட்டரும் கிட்டத்தான். போன் வரைபடமோ வண்டிப்பாதையையும் வாய்க்கால் கரையையும் ரோடு என்று காட்டும். வைகையில் தண்ணீர் திறந்துவிட்டிருக்கும் நாளில் அது காட்டும் தரைப்பாலம் முழுகியிருக்கலாம். கணுக்கால் அளவுதானே என்று இறங்க வேண்டாம், சுற்றிப் போங்கள். குருவித்துறை குருபகவான் கோயிலில் வியாழக்கிழமை கூட்டம் இருக்கும், அமைதியாக மிதிக்க அது நாளில்லை.

கடைசியாக ஒன்று, இதில் நாங்கள் இரண்டு முறை மாட்டினோம். திருவேடகம் பார்த்துவிட்டு அப்படியே சமயநல்லூர், பரவை வழியாகத் திரும்புவது. வரைபடத்தில் நேர்வழி. ஆனால் கால் ஓய்ந்து, கவனம் ஓய்ந்து இருக்கிற நேரத்தில் லாரியும் பஸ்ஸும் ஓடுகிற பெரிய ரோட்டில் ஏறுகிறோம். பரவை வந்ததும் "வீடு வந்துருச்சு" என்று மனசு சொல்லும், அங்கிருந்துதான் நெரிசலே ஆரம்பம். இப்போதெல்லாம் அந்தக் கரைக்குப் போனாலும் ஆற்றைத் தாண்டி மேலக்கால் ரோட்டுக்கே வந்துவிடுகிறோம். கொஞ்சம் சுற்றுதான். துவரிமானுக்கு முன்னால் ஒரு தடவை நின்று, மிச்சத் தண்ணீரைப் பங்கு போட்டுக் குடித்து, பின் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு, நான் முன்னால், அவர் பின்னால்.