டிராக்கன்ஸ்பெர்க் மலைக்குச் சாப்பாடு கட்டும்போது செய்யும் தவறுகள்

மலையேறப் போகிறவர்கள் கூடாரத்தை எடை பார்த்து வாங்குகிறார்கள், தூங்கும் பையை எடை பார்த்து வாங்குகிறார்கள். சாப்பாட்டுப் பையை மட்டும் யாரும் தராசில் வைப்பதில்லை. கடைசி நாள் இறங்கி வரும்போது பாதி அப்படியே இருக்கும். நாலு நாளும் அதைச் சுமந்ததுதான் மிச்சம்.

இங்கே பேசுவது தென்னாப்பிரிக்காவின் டிராக்கன்ஸ்பெர்க் மலைத்தொடரின் உச்சித் தட்டில் மூன்று, நாலு நாள் நடக்கிறவர்களுக்கு. ஜையன்ட்ஸ் கப் பாதை போல அடிவாரத்தில் விடுதியிலிருந்து விடுதிக்கு நடக்கிறவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். ஆனால் மேலே, லெசோத்தோ நாட்டு எல்லையோரம் 3,000 மீட்டர் உயரத்தில் கடை கிடையாது, விடுதி கிடையாது. கொண்டு போனதுதான் சோறு.

சாப்பாட்டைக் கட்டுகிற ஆள் வீட்டுச் சமையலறையில், நல்ல பசியோடு, "பத்தலேன்னா என்ன பண்ணுவே?" என்று ஆயா பின்னால் நின்று கேட்க, கட்டுகிறார். சாப்பிடப் போகிற ஆளோ சாயங்காலக் குளிரில், கை விறைத்து, பசியே தெரியாமல், எப்போது படுக்கலாம் என்று உட்கார்ந்திருப்பவர். உயரத்தில் களைப்போடு பசியும் மந்தமாகும். சாப்பாட்டில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது ஆளை மறந்துவிடுவதால்தான்.

முதலில் அளவு. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 600 முதல் 700 கிராம் உலர் உணவு போதும், அது சரியான உணவாக இருந்தால். கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி, மாவுச்சத்தும் புரதமும் 4. எல்லாம் சேர்ந்து சராசரியாகக் கிராமுக்கு நாலரை வந்தால் 600 கிராமிலேயே 2,700 கலோரி கிடைத்துவிடும். 100 கிராம் கடலை மிட்டாய் கிட்டத்தட்ட 500 கலோரி, நெய் 900-ஐ ஒட்டி. உப்புநீரில் போட்ட சூரை மீன் டின் 100 கிராமுக்கு 100-ஐத் தாண்டினால் பெரிது. அதில் நீங்கள் சுமப்பது தண்ணீரும் தகரமும்தான், காலி டப்பாவையும் திருப்பிச் சுமந்து வர வேண்டும். ஆப்பிளும் ஆரஞ்சும் அதே கதை. முதல் நாள் மதியத்துக்கு ஒன்று சரி, அதற்கு மேல் வேண்டாம்.

நம் ஆட்கள் மட்டும் தவறாமல் செய்கிற தப்பு ஒன்று உண்டு: அரிசியும் துவரம்பருப்பும். உலர்ந்த பொருள், எடை குறைவு, பழகிய சாப்பாடு, கணக்குப்படி எல்லாம் சரிதான். ஆனால் 3,000 மீட்டரில் தண்ணீர் ஏறக்குறைய 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு எரித்தாலும் சூடு ஏறாது, ஆவிதான் போகும். குக்கரில் நாலு விசில் விட்டுப் பழகியவர்களுக்கு அங்கே பருப்பு ஒரு மணி நேரம் கொதித்தும் கல்லாகவே கிடப்பது புதிராக இருக்கும். அரிசி வெளியே குழைந்து நடுவில் நறுக்கென்று நிற்கும். அதற்குள் கேஸ் பாதி காலி.

ஒரு பொருளை எடுக்குமுன் அதன் எடையோடு அதை வேகவைக்கும் எரிபொருளின் எடையையும் கூட்டிப் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான். கொதித்த தண்ணீரை ஊற்றி மூடி வைத்தால் தயாராகிற பொருள்களே மேலே தோது: கூஸ்கூஸ் என்கிற கோதுமைக் குருணை, டூ மினிட் நூடுல்ஸ், உருளைக்கிழங்கு மாவு, வீட்டிலேயே வறுத்த மெல்லிய ரவை. பாத்திரத்தை ஒரு கம்பளிச் சட்டையில் சுற்றிப் பத்து நிமிடம் வைத்தால் அடுப்பு செய்ய வேண்டியதைச் சட்டையே செய்துவிடும்.

இதைவிட நல்லது அடுப்பே கேட்காத பொருள், அதில் நமக்கு அவல் இருக்கிறது. மெல்லிய அவல் பச்சைத் தண்ணீரில் ஐந்து நிமிடத்தில் மலர்ந்துவிடும். கூடவே புளிக்காய்ச்சல். வீட்டில் நல்லெண்ணெயில் கடுகு, மிளகாய் வற்றல், கடலை, பெருங்காயம் தாளித்துப் புளியைக் கெட்டியாகக் காய்ச்சுங்கள். ஓரத்தில் எண்ணெய் பிரிந்து பளபளவென்று நிற்கும்வரை இறக்கக் கூடாது, தண்ணீர் மிச்சமிருந்தால் கெட்டுவிடும். நன்றாக ஆறியபின் திருகுமூடி போட்ட சின்ன பிளாஸ்டிக் புட்டியில் அடைத்து, அதை இரண்டு உறைக்குள் போடுங்கள். எண்ணெய் எப்படியும் கசியும், தூங்கும் பையில் புளியோதரை வாசம் வந்தால் துவைத்தாலும் போகாது. ஊறிய அவலில் இரண்டு கரண்டி போட்டுப் பிசைந்தால் மதியச் சாப்பாடு முடிந்தது.

மதியம் அடுப்பு வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம் வானிலை. கோடையில், அதாவது நவம்பரிலிருந்து பிப்ரவரி, மார்ச் வரை, மதியத்துக்கு மேல் இடிமழை அடிக்கடி வரும். அந்நேரம் திறந்த தட்டில் அடுப்பு மூட்டி உட்காருவது புத்திசாலித்தனம் இல்லை. குளிர்காலத்தில் சிக்கல் வேறு: தண்ணீர். மழைக்கு முந்திய மாதங்களில் மேலே ஓடைகள் சுருங்கிவிடும், துகேலா அருவியே வற்றிப்போவதுண்டு. உலர் உணவு லேசாக இருப்பது தண்ணீர் அங்கே கிடைக்கும் என்ற நம்பிக்கையில்தான். ராத்தங்கும் இடத்தில் ஓடை இல்லையென்றால் சூப்புக்கும் ரசத்துக்கும் சேர்த்துத் தண்ணீரை நீங்கள்தான் தூக்க வேண்டும்.

கேஸிலும் குளிர் வேலை காட்டும். மலிவான குப்பிகளில் இருப்பது பெரும்பாலும் வெறும் பியூட்டேன். அது பூஜ்யத்துக்குக் கீழே குளிர் இறங்க இறங்கச் சரியாக ஆவியாகாது. ஜூன், ஜூலை காலையில் குப்பியைக் குலுக்கினால் உள்ளே சளசளவென்று சத்தம் கேட்கும், அடுப்பு சரியாக எரியாது. ஐசோபியூட்டேனும் புரோப்பேனும் கலந்த குப்பியாக வாங்குங்கள், ராத்திரி அதைத் தூங்கும் பைக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். கேஸ் தீர்ந்தால் விறகு பொறுக்கலாம் என்று நினைக்க வேண்டாம். டிராக்கன்ஸ்பெர்க் பூங்காவுக்குள் திறந்தவெளித் தீ மூட்டத் தடை, தவிர உச்சியில் மரமும் கிடையாது. கேப் டவுனிலிருந்து விமானத்தில் வருகிறவர்கள் குப்பியை இறங்கியபின்தான் வாங்க வேண்டும், விமானத்தில் அனுமதி இல்லை.

சமைத்ததைக் காயவைத்து எடுத்துப் போவதுதான் எடைக்கும் ருசிக்கும் சரியான வழி, அதிலும் வழுக்கும் இடங்கள் உண்டு. ஜோஹன்னஸ்பர்க், பிரிட்டோரியா பக்கம் குளிர்காலக் காற்று ஈரமே இல்லாமல் இருக்கும். மெல்லிய துணி போட்டு மூடி வெயிலில் வைத்தால் தக்காளியும் காய்கறியும் நன்றாகக் காயும். அதே யோசனையை டர்பன் ஈரக்காற்றில் செய்தால் பூஞ்சைதான் விளையும். அங்கே ஓவனை 60, 70 டிகிரியில் வைத்துக் கதவைக் கொஞ்சம் திறந்துவிட்டுத்தான் காயவைக்க வேண்டும். வெந்த பருப்பையும் மொச்சையையும் மசித்துத் தட்டில் மெல்லியதாகப் பரப்புங்கள். மசிக்காமல் முழுசாகக் காயவைத்தால் திரும்ப ஊறுவதற்குள் விடிந்துவிடும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, படக்கென்று உடைந்தால் சரி. எண்ணெயும் தேங்காயும் சேர்த்த குழம்பைக் காயவைக்கவே கூடாது. கொழுப்பு காயாது, சிக்குவாடைதான் அடிக்கும். எண்ணெயில்லாமல் காயவைத்துவிட்டு, நெய்யைத் தனியாகக் கொண்டுபோய்ச் சாப்பிடும்போது ஊற்றிக்கொள்ளலாம்.

பில்டாங் என்கிற உப்புக்கண்டம் இந்த ஊர் தந்த அருமையான மலைச் சாப்பாடு, ஆனால் கடைகளில் பலர் விரும்பி வாங்குவது உள்ளே ஈரமுள்ள ரகம். அதை பிளாஸ்டிக்கில் இறுக அடைத்தால் இரண்டு நாளில் வெள்ளை பூத்துவிடும். நன்றாக உலர்ந்ததாகக் கேட்டு வாங்கிக் காகிதப் பையில் வையுங்கள். வெறும் பில்டாங் என்றால் பெரும்பாலும் மாட்டிறைச்சி. வேண்டாதவர்கள் கூடு மான், தீக்கோழி, கோழி என்று பெயர் பார்த்து வாங்கலாம். செப்டம்பர் 24 மரபு நாள் விடுமுறையையொட்டிப் போகிறவர்களுக்குப் புரட்டாசியும் சேர்ந்துவிடும், கூட்டத்தில் பாதிப்பேர் சைவம். அவர்களுக்குக் காய்கறி மட்டும் கட்டினால் மூன்றாம் நாள் கால் தள்ளாடும். சோயா மின்ஸ், பொட்டுக்கடலை மாவு, வேர்க்கடலை வெண்ணெய், கொழுப்பு நீக்காத பால்பொடி இவை இருக்க வேண்டும்.

அப்புறம் ருசி. நொறுக்கு எல்லாவற்றையும் இனிப்பாகவே எடுப்பது பரவலான தவறு. ஒரே மாதிரி எனர்ஜி பார் பத்து வாங்கினால் இரண்டாம் நாளே திகட்டும். உப்பும் புளிப்பும் உறைப்பும்தான் மந்தமான நாக்கை எழுப்பும். இரண்டு கரண்டி எலுமிச்சை ஊறுகாயும், வறுத்த மோர் மிளகாய் நாலும், ரசப்பொடி ஒரு பொட்டலமும் எடையே இல்லை. முறுக்கு நல்ல தீனிதான், ஆனால் இடத்தை அடைக்கும். நீங்களே நொறுக்கி அடைத்துவிட்டால் கால்வாசி இடம்தான். பொருள்விளங்கா உருண்டை வாரக்கணக்கில் கெடாது, ஆனால் அந்தக் குளிரில் வெல்லம் கருங்கல்லாகிவிடும், நெல்லிக்காய் அளவுக்கு மேல் பிடிக்காதீர்கள். மூன்று பேர் படுக்கும் கூடாரத்துக்குக் கொண்டைக்கடலைச் சுண்டல் வேண்டாம் என்பதை விளக்கத் தேவையில்லை.

கூட்டமாகப் போனால் எண்ணெய், உப்பு, டீத்தூள் இவற்றை யார் கொண்டுவருவது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஆளுக்கொரு முழுப் புட்டி வரும். கடையில் வந்த அட்டைப்பெட்டிகளை வீட்டிலேயே விட்டுவிட்டு, நாளுக்கு ஒரு பையாகப் பிரித்துக் கட்டுங்கள்; மூன்றாம் நாள் சாப்பாட்டில் முதல் நாளே கை வைப்பது அப்போதுதான் நிற்கும். குகையில் தங்கினால் எலி வரும், கீழ்ப்பகுதிகளில் பபூன் குரங்கு வரும். பையைத் திறந்துபோட்டுவிட்டு அருவி பார்க்கப் போனால் பபூனுக்கு ஜிப்பும் ஒன்றுதான், கூடாரத் துணியும் ஒன்றுதான்.

எவ்வளவு குறைத்தாலும் ஒரு நாளைக்கான கூடுதல் சாப்பாடு இருந்தே ஆக வேண்டும். மூடுபனியோ பனிப்பொழிவோ இறங்கும் கணவாயை மறைத்துவிட்டால் மேலேயே ஒரு ராத்திரி கூடுதலாகத் தங்க நேரும். அந்தக் கூடுதலைக் கடலை மிட்டாயாக வைத்தால் இரண்டாம் நாள் சாயங்காலமே யாராவது பிரித்துவிடுவார்கள். வறுத்து அரைத்த சத்துமாவாக வையுங்கள். வேறு வழி இல்லாதவரை அதை ஒருவரும் தொடமாட்டார்கள்.