மொய் எவ்வளவு எழுதலாம்? தனிக்குடித்தனம் தொடங்கியவர்களுக்கான செய்முறை விளக்கம்

பத்திரிகை வந்த அன்றே வீட்டு மொய் நோட்டை எடுத்துப் பாருங்கள். கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறை ஆனாலும் சரி, கீழ்மலையில் பண்ணைக்காடு, தாண்டிக்குடி ஆனாலும் சரி, தொகையை முடிவு செய்வது அந்த நோட்டுதான். சாப்பாட்டு இலைக்கு இவ்வளவு என்று கணக்குப் போடுவது இங்கே பொருந்தாது.

1. பழைய மொய்யைத் தேடுங்கள்

கல்யாண நோட்டு மட்டும் போதாது. காதுகுத்து, சடங்கு, கிரகப்பிரவேச நோட்டுகளையும் புரட்டுங்கள். அப்பா பெயரில் வந்த மொய்யும் கணக்கில் உண்டு. அண்ணன் தம்பி பாகம் பிரிந்திருந்தால், அந்த மொய்யை யார் திருப்பிச் செய்வது என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். 'அவன் செய்வான்' என்று இருவருமே விட்டுவிட, அந்த வீட்டோடு மனஸ்தாபம் வந்துவிடும்.

2. தொகையைக் கூட்டுங்கள்

வாங்கியதை அப்படியே திருப்பினால், உறவையே முடித்துக்கொண்டதாகப் பெரியவர்கள் எடுத்துக்கொள்வார்கள். எனவே கூட வைக்க வேண்டும். எவ்வளவு கூட? விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் 12 ஆண்டுகளில் இரட்டிப்பாகும். ஆகவே 12 வருஷத்துக்கு முன் வந்த 501-க்கு இன்று 1,001 செய்தால்தான் சமம். அதற்கு மேல் வைப்பதுதான் உங்கள் புது மொய்.

3. பழைய கணக்கே இல்லையென்றால்

எங்கள் யோசனை: தெருவில் பழக்கம், உடன் வேலை பார்ப்பவர் என்றால் 501, வீட்டுக்கு வந்து போகும் நட்பு என்றால் 1,001 முதல் 2,001 வரை. பங்காளி வகையில், மற்ற பங்காளிகள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டு அதையொட்டிச் செய்யுங்கள். தாய்மாமன் சீர் தனி விஷயம். குடும்பமாக உட்கார்ந்து பேச வேண்டியது. அதை ரொக்கமாகத் தந்தால் ஒரு வரம்பு உண்டு: ஒரே நிகழ்ச்சிக்கு ஒருவரிடமிருந்து 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை. வங்கி வழியாக அனுப்புங்கள்.

கூலி வேலைக்குப் போகும் வீட்டுக்குப் பெருமைக்காக 5,001 எழுதாதீர்கள். நாளைக்கு அவர்கள் கடன் வாங்கித்தான் அதைத் திருப்புவார்கள். மனதார உதவ விரும்பினால் மொய்யில் 501 எழுதுங்கள். மீதியை நோட்டில் ஏறாமல் முதல் நாளே கையில் கொடுத்துவிடுங்கள்.

4. மாதத்தைப் பாருங்கள்

ஆடி முடிந்து ஆவணி பிறந்தால் பத்திரிகைகள் சேர்ந்தே வரும். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, பழைய மொய்களுக்கு முதலில் பணம் ஒதுக்குங்கள். மிச்சத்தில்தான் புது மொய். பூண்டு விற்றால்தான் கையில் காசு என்ற நிலையில் புது மொய்க்காக வட்டிக்கு வாங்கவே கூடாது.

5. எழுதும்போது

இனிஷியல், அப்பா பெயர், ஊர், தெரு நான்கையும் சொல்லுங்கள். 'முருகேசன், பண்ணைக்காடு' என்று மட்டும் எழுதினால், பிறகு எந்த முருகேசன் என்று தெரியாமல் உங்கள் மொய் வேறொருவர் கணக்கில் போய்விடும். கவரில் ஒரு ரூபாய் நாணயம் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உள்ளே 500 வைத்தாலே 501. பெண் வீட்டுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் தனித்தனி மேசை இருக்கும். உங்களை அழைத்தவர் பக்கம் எழுதுங்கள். வத்தலக்குண்டு மண்டபத்துக்கு இறங்கிப் போன பஸ் செலவை மொய்யில் கழிக்க வேண்டாம்.

கணினி மொய் என்றால் ரசீதில் பெயரையும் தொகையையும் அங்கேயே சரிபார்த்துவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் 'செய்தது' என்று தனிப் பக்கத்தில் தேதியோடு குறியுங்கள். போக முடியாமல் ஒருவரிடம் கொடுத்து அனுப்பினால், மறுநாள் கல்யாண வீட்டுக்கே போன் செய்து விசாரித்து, மொய் ஏறிவிட்டதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.