லினக்ஸில் லேப்டாப் ஹாட்கீ வேலை செய்யவில்லையா? முதலில் இதைப் பாருங்கள்

2011 முதல் மாணவர்களுக்குத் தமிழக அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப்பில் பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளம் இருந்தது. அதைப் போன்ற பழைய லேப்டாப்பில் டெபியன், உபுண்டு போன்ற புது லினக்ஸ் போட்டதும் ஹாட்கீ எனப்படும் வெளிச்சம், ஒலி, வைஃபை விசைகள் சில நேரம் ஊமையாகிவிடும். உடனே ஏதாவது மென்பொருளைத் தேடி நிறுவாதீர்கள். அழுத்தம் எந்த இடத்தில் தொலைகிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

குளச்சல், முட்டம் போலக் கடலோரத்தில் இருப்பவர்கள் முதலில் விசையையே சந்தேகியுங்கள். உப்புக்காற்றும் இரண்டு பருவமழையின் ஈரமும் கீபோர்டின் தொடர்புகளை அரிக்கும். எஃப்என் இல்லாமல் எஃப்5, எஃப்6 விசைகளை மட்டும் தட்டிப் பாருங்கள். அதுவும் மந்தமாக இருந்தால் கோளாறு லினக்ஸில் இல்லை.

விசை நலம் என்றால், அழுத்தும் விசையின் எண்ணைக் காட்டும் இவ்டெஸ்ட் கருவியை டெர்மினலில் நிறுவி, சூடோவுடன் (நிர்வாகி அனுமதியுடன்) ஓட்டுங்கள். சாதனப் பட்டியல் வரும். பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள்: கீபோர்டை மட்டும் சோதித்துவிட்டு விசை செத்துவிட்டது என்கிறார்கள். வெளிச்ச விசை "வீடியோ பஸ்" வழியாகவோ, "டபிள்யூஎம்ஐ ஹாட்கீஸ்" என்ற சாதனம் வழியாகவோ வரலாம். ஒவ்வொன்றாகத் தேர்ந்து அழுத்துங்கள். வெளிச்சம் குறைக்க 224, கூட்ட 225, ஒலியை அடக்க 113 என்று எண் வரவேண்டும். எஃப்என் விசை மட்டும் பெரும்பாலும் லினக்ஸின் மையமான கெர்னலுக்கு வராது, வன்பொருளுக்குள்ளேயே முடிந்துவிடும். அதற்கு வேறு வேலை கொடுக்க முயல வேண்டாம்.

எதிலும் எண் வரவில்லையா? கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் கட்டளையின் கடைசி வரிகளில் "அன்நோன் கீ" என்று இருக்கிறதா பாருங்கள். அங்கே இரண்டு எண்கள் இருக்கும். குறியீடு 81 என்றும், செட்கீகோட்ஸுக்கு இ001 என்றும் வந்தால், நமக்கு வேண்டியது 81. செட்கீகோட்ஸ் என்ற கட்டளையால் செய்யும் மாற்றம் மறுதொடக்கத்தில் அழிந்துவிடும். நிலைக்க வேண்டுமானால் இடிசி, யூடெவ் கோப்புறைகளுக்குள் உள்ள எச்டபிள்யூடிபி.டி கோப்புறையில் 90-இல் தொடங்கும் பெயரில் கோப்பு எழுதுங்கள். முதல் வரி உங்கள் லேப்டாப்பை அடையாளம் காட்டும், அது இடம் விடாமல் தொடங்கவேண்டும். அடுத்தது 81 எந்த விசை என்று சொல்லும் விசை வரி, அதன் முன்னால் ஒரே ஓர் இடைவெளி. அது இல்லாவிட்டால் கோப்பு வேலை செய்யாது. பிறகு சிஸ்டம்டி-எச்டபிள்யூடிபி அப்டேட், யூடெவ்அட்ம் ட்ரிகர் இரண்டையும் ஓட்டுங்கள்.

ஒருமுறை தட்டினால் வெளிச்சம் நிற்காமல் ஏறிக்கொண்டே போனால், விசை விடுபட்ட செய்தியை வன்பொருள் அனுப்பவில்லை என்று பொருள். அந்தக் கோப்பில் விசைப் பெயருக்கு முன் ஆச்சரியக்குறி போட்டால் கெர்னலே விடுவித்துவிடும். எக்ஸ்11 என்ற திரை அமைப்பில் 247-க்கு மேற்பட்ட எண்கள் தெரியாது. மைக்கை அடக்கும் விசையின் எண் 248, ஆகவே அதை எஃப்20 என்று மாற்றி எழுதுங்கள்.

எண் சரியாக வருகிறது, திரையில் பட்டையும் நகர்கிறது, வெளிச்சம் மட்டும் மாறவில்லை என்றால் கெர்னலுக்குக் கொடுக்கும் ஏசிபிஐ_பேக்லைட் அளவுருவைப் பாருங்கள். கணினி தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் 'இ' தட்டி, "லினக்ஸ்" என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஏசிபிஐ_பேக்லைட்=நேட்டிவ் என்று கொடுங்கள். பலிக்காவிட்டால் நேட்டிவுக்குப் பதில் வெண்டர். எஃப்10 தட்டினால் அந்த ஒருமுறைக்கு மட்டும் பொருந்தும். வேலை செய்த பிறகே கிரப் கோப்பில் சேர்த்து, அப்டேட்-கிரப் ஓட்டுங்கள்.