கர்த்தருக்குப் பயப்படுவதில் நாம் தப்பாகப் புரிந்துகொள்வது எங்கே?

பக்கத்து வீட்டில் "பொய் சொன்னா சாமி கண்ணைக் குத்திடும்" என்றார்கள், எங்கள் வீட்டில் "இயேசப்பா அடிப்பாரு" என்றார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். தேவபயம் பற்றி எனக்குக் கிடைத்த முதல் பாடம் அது. அதிலிருந்து வெளியே வரவே பல வருஷம் ஆனது.

கடவுளைப் பூச்சாண்டியாக்குவதுதான் முதல் தவறு. காய்ச்சல் வந்தாலும் வேலை போனாலும் "எந்தப் பாவத்துக்குத் தண்டனையோ" என்று கணக்குப் பார்க்க உட்கார்ந்துவிடுகிறோம். சீனாய் மலையில் இடி, மின்னல், புகை எல்லாம் பார்த்து ஜனங்கள் நடுங்கித் தூரத்தில் நின்றபோது மோசே என்ன சொன்னார்? பயப்படாதிருங்கள் என்றார், அதே மூச்சில், நீங்கள் பாவம் செய்யாதபடிக்கு தேவனைப் பற்றும் பயம் உங்களுக்கு முன்பாக இருக்கட்டும் என்றும் சொன்னார் (யாத்திராகமம் 20:20). ஒரு பயத்தைப் போகச் சொல்லிவிட்டு இன்னொன்றை இருக்கச் சொல்கிறார். 130ஆம் சங்கீதம் இன்னும் விசித்திரம்: "உமக்குப் பயப்படும்படிக்கு உம்மிடத்தில் மன்னிப்பு உண்டு." தண்டனை உண்டு என்று எழுதியிருந்தால் நமக்குச் சட்டென்று புரிந்திருக்கும்.

சரி, அப்படியானால் "பயம்னா சும்மா மரியாதைதான் பிரதர்" என்று சொல்லிவிடலாமா? கலெக்டருக்கும்தான் மரியாதை கொடுக்கிறோம். ஆலயத்தில் கர்த்தரைத் தரிசித்த ஏசாயா தீர்க்கதரிசி "ஐயோ! அதமானேன்", அதாவது அழிந்தேன், என்றல்லவா அலறினார். சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் 1529இல் எழுதிய சிறிய ஞானோபதேசம் என்ற விசுவாசப் பாடநூலில் பத்துக் கற்பனைகளுக்கும் விளக்கம் சொல்லும்போது பயப்படுவதையும் நேசிப்பதையும் சேர்த்தேதான் சொல்கிறார். தமிழில் நாமும் பயபக்தி என்று ஒட்டித்தானே வைத்திருக்கிறோம்.

எனக்கு அதிகம் கோபம் வருவது மூன்றாவது தவறில். நகை போடாதவர், சினிமா பார்க்காதவர், முக்காடு நழுவாதவர் என்றால் உடனே "தேவபயமுள்ள குடும்பம்" என்று பட்டம் கொடுத்துவிடுகிறோம். லேவியராகமம் 19:14ஐ எடுத்துப் பாருங்கள். செவிடனை நிந்திக்காதே, குருடனுக்கு முன் தடுக்கல் வைக்காதே, உன் தேவனுக்குப் பயந்திரு என்கிறது. நீங்கள் திட்டியது அவருக்குக் கேட்காது, கல்லை வைத்தது யார் என்று இவருக்குத் தெரியாது, அதாவது மாட்டிக்கொள்ள வாய்ப்பே இல்லாத இடமாகப் பார்த்து அந்த வார்த்தையை வைத்திருக்கிறது வேதம். வீட்டு வேலைக்கு வரும் அக்கா இரண்டு நாள் வராததற்குச் சம்பளத்தைப் பிடித்துவிட்டு ஜெபக்கூட்டத்துக்குக் கிளம்புகிறோமே, அப்போது முக்காடு என்ன செய்யும்?

அப்புறம் திருவிருந்து, இயேசுவின் நினைவாக அப்பமும் ரசமும் பெறும் ஆராதனை. எங்கள் சபையில் ஒரு பாட்டி வருஷக்கணக்காக எழுந்து போகாமல் பெஞ்சிலேயே இருப்பார், "அபாத்திரமாப் புசிச்சா ஆக்கினைப்பா" என்பார், தகுதியில்லாமல் சாப்பிட்டால் தண்டனை என்று அர்த்தம். அந்த வார்த்தை வரும் 1 கொரிந்தியர் 11ஐ மேலேயிருந்து படித்தால், அதைக் கொரிந்து சபைக்கு எழுதிய அப்போஸ்தலர் பவுல் யாரைக் கடிந்துகொள்கிறார் என்பது தெரியும்: முந்திக்கொண்டு தாங்கள் சாப்பிட்டுவிட்டு இல்லாதவர்களைப் பசியோடு உட்கார வைத்தவர்களை. அவர்களிடம்கூட, தன்னைச் சோதித்தறிந்து புசிக்கக்கடவன் என்கிறார், புசிக்காமல் இரு என்று சொல்லவில்லை. பாட்டிக்கு அந்த அதிகாரத்தை 17ஆம் வசனத்திலிருந்து ஒருமுறை வாசித்துக் காட்டினேன். "இதை யாரும் முழுசாப் படிச்சுக் காட்டலியே" என்றார்.