பப்பரப்புளியில் ஜூஸும் மிட்டாயும்: நான் மூன்று முறை சொதப்பிய பிறகு

தான்சானியாவின் தார் எஸ் சலாமுக்குக் குடிவந்த புதிதில், கரியாக்கோ சந்தையில் சாக்குச் சாக்காக எதையோ குவித்து வைத்திருந்ததைப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று, சுண்ணாம்புக் கட்டியை உடைத்துப் போட்ட மாதிரி இருந்தது. ஒன்றை வாயில் போடச் சொன்னார் கடைக்காரர். போட்டதும் நாக்கில் ஒட்டி, மாவாகக் கரைந்து, புளிப்பும் லேசான இனிப்புமாக இறங்கியது. கடைசியில் கல் மாதிரி ஒரு கொட்டை மிஞ்சியது. இங்கே அதற்குப் பெயர் உபுயு. மரம் ம்புயு, ஆங்கிலத்தில் பாவோபாப் (baobab).

மரத்தைப் பார்த்தால் நமக்குத் தெரிந்ததுதான். மன்னார் பள்ளிமுனையில் அடி பெருத்து நிற்கும் பெருக்க மரமும் ராமநாதபுரம் பக்கம் அங்கங்கே நிற்பவையும் இதே இனம். அரபு வணிகர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்து நட்டவை என்று சொல்வார்கள். தமிழில் இதற்குப் பப்பரப்புளி, யானைப்புளி, பொந்தன்புளி என்று பல பெயர்கள், அத்தனையும் 'புளி' என்றே முடிகின்றன. அந்தப் பெயரைக் கவனித்திருந்தால் எனக்குப் பாதி வேலை மிச்சமாகியிருக்கும். இதைப் பழமாக நினைத்து அணுகியதுதான் நான் செய்த முதல் தப்பு. புளியைப் போல ஊறவைத்துக் கரைக்க வேண்டிய பொருள் இது. ஆனால் ஒரு விஷயத்தில் புளிக்கு நேர் எதிர். அதைக் கீழே சொல்கிறேன்.

வாங்கும்போது

மூன்று விதமாகக் கிடைக்கிறது: ஓட்டோடு முழுக்காய், சதை ஒட்டிய கொட்டை, தூள். ஜூஸுக்கும் மிட்டாய்க்கும் சதை ஒட்டிய கொட்டைதான் வேண்டும். தூளில் மிட்டாய் செய்ய முடியாது.

முழுக்காய் கிடைத்தால் விடாதீர்கள். வெளியே பச்சையும் பழுப்புமாக வெல்வெட் துணி போர்த்தியது போல இருக்கும். காது பக்கம் வைத்துக் குலுக்கினால் உள்ளே கடகடவென்று ஆட வேண்டும். இந்தப் பழம் மரத்திலேயே தானாகக் காய்ந்துவிடுகிறது, நாம் வெயிலில் போட வேண்டியதில்லை. உடைக்கக் கத்தி உதவாது. தரையில் துணி விரித்து, தேங்காய் உடைப்பது போல் கல்லில் ஒரு போடு. உள்ளே சிவப்பு நார்கள் பின்னிக் கிடக்கும், அவற்றை எடுத்துவிடுங்கள், துவர்க்கும்.

சதை வெள்ளையாகவோ இளம் மஞ்சளாகவோ இருக்கட்டும். பழுப்பேறி இருந்தால் பழையது. பூஞ்சை வாடை அடித்தால் விலையைப் பார்க்காமல் தூர எறியுங்கள்.

ஊறவைப்பது: நான் மாட்டிக்கொண்ட இடம்

முதல் தடவை நான் செய்தது இது. ஒரு கப் கொட்டையை மூன்று கப் தண்ணீரில் போட்டு, புளிக்குழம்பு கொதிக்கிற மாதிரி இருபது நிமிடம் கொதிக்கவிட்டேன். அடுப்பை அணைத்தபோது பாத்திரத்தில் இருந்தது ஜூஸ் அல்ல, போஸ்டர் ஒட்டுகிற பசை. கரண்டியைத் தூக்கினால் கூடவே நூல் வந்தது. நிறமும் மங்கி, வெந்த வாடை வேறு.

காரணம் பெக்டின். ஜாமை இறுக வைக்கிற அதே சரக்கு இந்தச் சதையில் நிறைய இருக்கிறது. கொதிக்கக் கொதிக்க அது தண்ணீரில் இறங்கிக் கெட்டிப்படுத்தும். கூடவே, இந்தப் பழத்தின் பெரிய சொத்தான வைட்டமின் சியும் சூட்டில் குறைந்துபோகும். புளியை எவ்வளவு கொதிக்கவிட்டாலும் நல்லது. இதைக் கொதிக்கவே விடக்கூடாது. நேர் எதிர் என்றேனே, அது இதுதான்.

பக்கத்து வீட்டு மாமாதான் வழி சொன்னார். (சுவாஹிலியில் மாமா என்றால் அம்மா. இதை ஊரில் என் அம்மாவிடம் போனில் சொன்னபோது, "எந்த மாமாடி? அங்க நமக்கு யாரு மாமா?" என்று கேட்டது தனிக்கதை.) அவர் என் பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டு, "மாஜி யா உவுகுவுகு" என்றார். வெதுவெதுப்பான தண்ணீர். அவ்வளவுதான் ரகசியம். இந்த ஊரிலும் சிலர் கொதிக்கவைத்துத்தான் செய்கிறார்கள், கூழ் மாதிரி கெட்டியாகப் பிடிப்பவர்களுக்கு அது சரி. எனக்குப் பிடிக்கவில்லை.

ஆக, ஒரு கப் கொட்டைக்கு மூன்று கப் வெதுவெதுப்பான தண்ணீர். விரலை விட்டால் சுடாமல், கதகதவென்று இருக்க வேண்டும். அரை மணி நேரம் மூடி வையுங்கள். பிறகு கையை விட்டுப் புளி கரைப்பது போலவே பிசையுங்கள். முதலில் சதை கொட்டையோடு பஞ்சு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். ஐந்து நிமிடம் பொறுமையாகப் பிசைந்தால் வழுக்கிக்கொண்டு கழன்று வரும். விரலுக்கு நடுவில் கொட்டை கரும்பழுப்பாக, வழவழவென்று நழுவினால் முடிந்தது. அதிலேயே இன்னொரு அரை கப் தண்ணீர் விட்டு இரண்டாம் சாறும் எடுக்கலாம்.

மிக்ஸி வேண்டவே வேண்டாம். கொட்டை உடைந்தால் கசப்பும் நறநறப்பும் சேரும், பிளேடும் போகும். மாவு சலிக்கிற மெல்லிய சல்லடையும் வேண்டாம், அடைத்துக்கொள்ளும். பெரிய கண் உள்ள எவர்சில்வர் வடிகட்டிதான் என் தேர்வு. மெல்லிய துணியில் வடிகட்டித் தெளிவாக எடுக்கச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். துணியில் தங்குவது பெரும்பாலும் நார்ச்சத்து. அதைக் கொட்டிவிட்டுக் குடித்தால் புளிப்புத் தண்ணீர்தான் மிஞ்சும்.

சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, இரண்டு ஏலக்காய். கொஞ்சம் அன்னாசிச் சாறு சேர்த்தால் இன்னும் நன்றாக இருக்கும். குளிர வைத்துக் குடியுங்கள். அடியில் தங்கும், குடிக்கும் முன் கலக்குங்கள்.

சத்து பற்றிய பேச்சு

ஆரஞ்சைவிட ஆறு மடங்கு வைட்டமின் சி என்று பாக்கெட்டில் போட்டிருப்பார்கள். பொய் இல்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை. 100 கிராம் உலர்ந்த சதையில் சுமார் 300 மில்லிகிராம் இருக்கும், மரத்துக்கு மரம் இது 150க்கும் 500க்கும் இடையில் ஏறி இறங்கும். ஆரஞ்சில் 100 கிராமுக்கு 50 சொச்சம். ஆனால் ஆரஞ்சு நீர் நிறைந்த பழம், இது காய்ந்த தூள். இதில் யாரும் 100 கிராம் ஒரே வேளையில் சாப்பிடப் போவதில்லை. ஒரு டம்ளர் ஜூஸுக்கு 15 கிராம் சதை போகிறது என்று வையுங்கள், சுமார் 45 மில்லிகிராம் வருகிறது. ஒரு ஆரஞ்சுக்குக் கொஞ்சம் குறைவு. அதுவே நல்ல அளவுதான், மடங்குக் கணக்கு எதற்கு?

என்னைக் கேட்டால் இதன் உண்மையான பலம் நார்ச்சத்து. சதையின் எடையில் ஏறக்குறைய பாதி அதுதான். கால்சியமும் 100 கிராமுக்கு 300 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. புரதம் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. பொட்டாசியம் அதிகம், அதனால் சிறுநீரகக் கோளாறுக்காகப் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொட வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியம் 2008இல்தான் இந்தத் தூளைப் புதிய உணவுப் பொருள் என்று அனுமதித்தது. இந்த நாட்டின் வடக்கே எயாசி ஏரிப் பக்கம் வாழும் ஹட்சா மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தின்றுவரும் பொருளுக்குப் 'புதிய' என்று பெயர்! அவர்கள் சதையோடு நிறுத்துவதில்லை, கொட்டையையும் இடித்து மாவாக்கிச் சாப்பிடுகிறார்கள்.

மிட்டாய்: பாகுதான் எல்லாம்

தார் எஸ் சலாமிலும் சான்சிபாரிலும் மொம்பாசாவிலும் பள்ளிக்கூட வாசலில் சின்னப் பொட்டலமாக விற்பார்கள். கென்யாவில் மபுயு என்பார்கள். சிவப்புச் சர்க்கரை பூசிய கொட்டை. சப்பிச் சப்பிச் சாப்பிட்டுக் கொட்டையைத் துப்பிவிட வேண்டும். கடித்தால் பல் போகும்.

தேவை: சதை ஒட்டிய கொட்டை 2 கப், சர்க்கரை 1 கப், தண்ணீர் அரை கப், மிளகாய்த்தூள் அரை டீஸ்பூன், உப்பு, ஏலக்காய்ப் பொடி, சிவப்பு நிறப்பொடி சிட்டிகை. நிறம் பிடிக்காதவர்கள் விட்டுவிடலாம், ருசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இரும்பு வாணலி எடுக்காதீர்கள், புளிப்பு பட்டுக் கறுக்கும்.

இதிலும் இரண்டு முறை தோற்றேன். முதல் முறை பாகு வெறும் பிசுபிசுப்பாக இருக்கும்போதே கொட்டையைக் கொட்டினேன். பாகில் மிச்சமிருந்த தண்ணீர் சதையைக் கரைத்துவிட்டது. மொட்டைக் கொட்டைகள் மிதக்கும் சிவப்புக் கூழ் கிடைத்தது. அடுத்த முறை பயந்துபோய் உருட்டுப் பதம் வரை விட்டேன். கொட்டையைப் போட்டுக் கிளறி முடிப்பதற்குள் மொத்தமும் ஒரே கட்டியாக இறுகிவிட்டது. இஞ்சி இடிக்கிற உலக்கையால் உடைத்தோம்.

நடுவில் இருக்கிறது பதம். சர்க்கரையும் தண்ணீரும் கொதித்து, பெரிய குமிழிகள் சிறுத்து, நுரை அடங்கும்போது ஒரு சொட்டை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துப் பிரியுங்கள். ஒரே ஒரு கம்பி நீண்டு, அறுந்துபோகாமல் நின்றால் போதும். அதிரசத்துக்குப் பாகு பார்த்த கைக்கு இது சட்டென்று பிடிபடும். அடுப்பை அணைத்து, மிளகாய்த்தூள், உப்பு, ஏலக்காய், நிறம் எல்லாம் போட்டுக் கலக்கி, கொதி அடங்க ஒரு நிமிடம் விடுங்கள். இப்போது கொட்டையைக் கொட்டி மரக்கரண்டியால் புரட்டுங்கள். மறுபடியும் சிறு தீயில் மூன்று நான்கு நிமிடம். பாகு அடியில் தேங்காமல் எல்லாம் கொட்டை மேல் ஏறியதும் இறக்கி, இரண்டு ஸ்பூன் உபுயு தூளைத் தூவிப் பிரட்டினால் ஒன்றோடொன்று ஒட்டாது. தட்டில் பரப்பி ஆறவிடுங்கள்.

சான்சிபார் வகை இப்படி உலர்ந்து இருக்காது, கொஞ்சம் ஈரமாக, மிளகு வாசனையோடு இருக்கும். எனக்கு அதுதான் அதிகம் பிடிக்கும், ஆனால் வீட்டில் இன்னும் சரியாக வரவில்லை. வந்ததும் எழுதுகிறேன்.

வேறு எதற்கெல்லாம்?

செனகலில் இதே ஜூஸுக்குப் புய் என்று பெயர். புனித வெள்ளியை ஒட்டி அங்குள்ள கிறிஸ்தவர்கள் இதோடு வேர்க்கடலை விழுதும் கம்பும் சேர்த்து ங்கலாக் என்றொரு பண்டம் செய்து, முஸ்லிம் அண்டை வீடுகளுக்குக் கொடுத்தனுப்புவார்கள். மலாவியில் குச்சி ஐஸாக உறையவைக்கிறார்கள். வடக்கு நைஜீரியாவின் ஹவுசா மக்களுக்குப் பழத்தைவிட இலை முக்கியம். காயவைத்துப் பொடித்த இலையில்தான் மியான் கூக்கா என்ற குழம்பு. வெண்டைக்காய் போலக் கொழகொழவென்று இருக்கும்.

என் சமையலறையில் ரசத்துக்கு ஒத்துவந்தது. அடுப்பை அணைத்த பிறகு ஒரு ஸ்பூன் தூளைக் கரைத்து விட்டேன், கொஞ்சம் கலங்கலாக இருந்தாலும் புளிப்பு நன்றாக நின்றது. மீன்குழம்புக்கு ஒத்துவரவில்லை. வெளுத்துப்போன மீன்குழம்பை எங்கள் வீட்டில் யாரும் மதிக்கவில்லை.

பின்னர் சேர்த்தது

பால் சேர்த்தால் திரிகிறதே என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். சூடான பாலை விட்டிருப்பீர்கள். சாறு நல்ல புளிப்பு, பால் திரியத்தான் செய்யும். சாறில் முதலில் சர்க்கரையைக் கரைத்து, நன்றாகக் குளிரவைத்து, கண்டென்ஸ்டு மில்க் சேர்த்துப் பாருங்கள். இல்லையென்றால் பாலை மறந்துவிட்டுத் தயிரில் அடியுங்கள், திரிகிற பேச்சே இல்லை.

தூள் கட்டி கட்டியாகிறது என்பது இன்னொருவர் புகார். இங்கே கடற்கரை ஈரக்காற்றில் எனக்கும் அதே பாடு. ஈர ஸ்பூனை உள்ளே விடாதீர்கள். நான் டப்பாவுக்குள் ஒரு கைப்பிடி அரிசியைத் துணியில் முடிந்து போட்டு வைத்திருக்கிறேன், மூன்று வாரமாகத் தூள் உதிரியாகவே இருக்கிறது.